பூட்டிய அறையில் பார்த்த கடல்

கனடாவில், ஸ்ரௌவ்வில் பெருந்தெருவில் தோள்பையோடு மேற்கே நடந்துகொண்டிருந்தேன். அக்காவின் புது வீட்டை விட்டு வெளியேறி ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது. தங்க இடமும் அத்தான் தருவதாகச் சொன்ன வேலையும் ஒன்றாகப் போயிருந்தன. விருந்தினர் முன்னால் பழைய ரஷ்யப் படங்களைப் பற்றிப் பேசியதுதான் என் குற்றம்.

பல வருடங்களுக்கு முன், கனடாவுக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்ட் எங்கள் எட்டுப்பேரை மொஸ்கோவில் ஒரு ஃபிளாட்டில் பூட்டி வைத்திருந்தான். குளிர்காலம் முழுவதும் தொலைக்காட்சியில் அந்தப் படங்கள்தான். அவற்றில் மனம் பொறுக்காமல் போனவர்கள் கடலில் இறங்கி நீந்துவார்கள். எங்களைக் கப்பலில் அனுப்புவான் என்று நம்பியதால் அதைப் பாடம்போலப் பார்த்தோம்.

"உவன் கை வீசிற வீச்சுக்குப் பத்துப் பாகத் தூரமும் தாண்டான்," என்பார் எங்களோடிருந்த தீவுப்பகுதி அண்ணை ஒருவர், திரையில் நீந்துபவனைக் காட்டி. எனக்கோ, அவன் யாரிடமும் கேட்காமல் இறங்கியதே போதுமாக இருந்தது.

அக்கா வீட்டில் விருந்தினர் போனதும் அத்தான் சொன்னார்: "உந்த மொஸ்கோக் கதையை இனி எடுக்காதை. ஆரும் கேட்டால் படிக்க வந்தனான் எண்டு சொல்லு. இல்லாட்டி என்ரை கொம்பனியிலை வேலை இல்லை."

"எட்டாம் வகுப்போடை விட்டவன் என்னத்தைப் படிக்க வந்தவன், அத்தான்? நான் உதைச் சொல்லமாட்டன்."

மறுநாள் காலை ரஷ்யக்காரர் ஒருவரின் பலசரக்குக் கடையில், அந்தப் படங்களைக் கேட்டுப் பழகிய ரஷ்ய மொழியில் வேலை கேட்டேன். ரஷ்ய மொழி எங்கே கற்றாய் என்றார். நடந்ததை நடந்தபடியே சொன்னேன். அவர் ஏப்ரன் ஒன்றைத் தந்து, மீன் வெட்டும் மேசையைக் காட்டினார்.