கடைக்குள் வந்த பசு

பொங்கலுக்காகச் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் கட்டியிருந்த மாடுகளைப் பார்த்துப் பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள். ஊர் ஊராகச் சுற்றித் திரிந்துவிட்டு வந்த நான் நன்றாக மூச்சை இழுத்தேன். எங்கள் வீட்டு வாசனை அது.

அறுபதுகளில், தாத்தா தொடங்கிய மாட்டுக்கொட்டகையை அப்பாவுக்குப் பிறகு அம்மா நடத்தினார். பால் முழுவதும் ஒரே காப்பிக்கடைக்குத்தான் போனது. ஒருநாள் கடைக்காரர் எல்லார் முன்னாலும், "தண்ணிப் பால் லா இது. இனி வேணாம்" என்றார். அந்தக் கடை போனால் எங்களுக்குச் சோறு இல்லை.

அம்மா கொட்டகைக்குத் திரும்பி வந்து, தாத்தா வாங்கிய பசுவின் பேத்தியை அவிழ்த்து, கடைக்குள்ளேயே ஓட்டிப்போனார். மேசைகளுக்கு நடுவே உட்கார்ந்து, கடைக் குவளையிலேயே கறந்து நீட்டினார்.

"எங்க மாமனார் காலத்துலேருந்து மாடுதான் எங்க பொழைப்பு. குடிச்சுப் பார்த்து, தண்ணி எங்க இருக்குன்னு சொல்லுங்கண்ணே."

கடையே சிரித்தது. அவர் குடித்தார். பசு அங்கேயே சாணம் போட்டது.

"நாளைக்கும் பால் கொண்டா தங்கச்சி," என்றார் அவர். "மாடு வேணாம்."