ஸ்ட்ரெப்டோமைசினும் அம்மாவின் காதும்

1. தாயில்பட்டி பக்கம் அம்மா வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில், வெடிமருந்து அறையில் மருந்துத் தட்டு ஒன்று சீறியது. தீப்பிடிக்கும் முன் வரும் சத்தம் அது.
2. எல்லோரும் வெளியே ஓடினார்கள். அம்மா மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். கூட வேலை செய்தவள் திரும்பி வந்து இழுத்துப் போனாள்.
3. நல்லவேளை, தட்டு பற்றவில்லை.
4. "வெடி டெஸ்ட் பண்ணிப் பண்ணிக் காது அடைச்சிருச்சு" என்றார்கள்.

எங்கள் பக்கம் காது இரைந்தால் காரணம் அது ஒன்றுதான். கம்பெனிக்குப் பின்னால் பொட்டலில் வெடித்துப் பார்ப்பார்கள். சாயங்காலம் எல்லோருக்கும் இரையும், ஞாயிற்றுக்கிழமை அடங்கிவிடும். அம்மாவுக்கோ மழையால் கம்பெனி மூடிக்கிடந்த வாரத்திலும் அடங்கவில்லை. அந்த வாரம்தான், முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியவள் அப்படியே சாய்ந்து சுவரைப் பிடிப்பதைப் பார்த்தேன்.

அவளுக்குக் காசநோய் இரண்டாம் முறை வந்திருந்தது. முதல் முறை, தீபாவளி சீசனில் மாத்திரையைப் பாதியில் விட்டிருந்தாள். இப்போது மாத்திரைகளோடு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் போட்டார்கள். விருதுநகரில் வேதியியல் படித்துக்கொண்டிருந்த எனக்கு அதன் அமைப்பு பாடத்தில் இருந்தது. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா சுரப்பது. மூன்று வளையங்கள் கோத்த மூலக்கூறு. உடலுக்குள் நேர்மின்னூட்டத்தோடு இருக்கும். அந்த மின்னூட்டத்தால் குடல் அதை உள்ளே விடாது, அதனால்தான் ஊசி. கிருமிக்குள் புரதம் செய்யும் இடத்தில் ஒட்டிக்கொண்டு, தப்பான புரதங்களைச் செய்யவைக்கும். உள்காதுக்குள்ளும் புகுந்துவிடும், சீக்கிரம் வெளியேறாது. கேட்பதற்கும் உடம்பை நிலையாக நிறுத்துவதற்கும் உள்ள செல்கள் அங்கேதான் இருக்கின்றன; அவற்றைக் கெடுத்துவிடும்.

அடுத்த ஊசிக்குப் போகும் வழியில், அவள் காதருகே குனிந்து சொன்னேன்.

"ஊசியாலதான்மா. நர்ஸ் அக்காகிட்ட இன்னைக்குச் சொல்லிருவோம்."

"சொன்னா நிப்பாட்டிருவாக. போன தடவ நிப்பாட்டித்தான திரும்ப வந்துச்சு. பேசாம வா."

"நாளைக்கு இன்னொரு தட்டு சீறுனா?"

"சீறட்டும். இருமி இருமிச் சாகுறதுக்கு அது மேலு."

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே, "என்னக்கா, சாப்பிட்டீகளா?" என்றார். அம்மா அவர் உதட்டைப் பார்த்துத் தலையாட்டினாள். நான் வாயைத் திறந்ததும் என் கையை இறுக்கிப் பிடித்தாள். இருந்தாலும் சொன்னேன்.

"இவ படிச்சதையெல்லாம் எம்மேல சோதிச்சுப் பாக்கா சிஸ்டர். நீங்க போடுங்க."

நர்ஸ் ஊசியைத் தட்டில் வைத்தார். "பாதத்த ஒட்டி வச்சு நில்லுங்க. இப்பக் கண்ண மூடுங்க."

மூடினாள். பக்கவாட்டில் சரிந்தவளை நர்ஸ் தோளில் தாங்கிக்கொண்டார். "இன்னைக்கு ஊசி கெடையாது. டாக்டரப் பாத்துட்டுத்தான் போகணும்."

அம்மா என்னைப் பார்க்கவேயில்லை. டாக்டரிடம் ஒன்றுதான் கேட்டாள்: "அப்ப சீக்கு?"

"மாத்திரை நிக்காதும்மா. ஊசி மட்டுந்தான் நிக்கும்" என்று அவர் உரக்கச் சொன்னார். இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது.

மாத்திரைகளை அம்மா ஒருநாளும் விடாமல் முடித்தாள். சளியில் கிருமி இல்லை. கெட்டுப்போன காதுச் செல்கள் மறுபடி வளர்வதில்லை. இரைச்சல் இன்னும் இருக்கிறது. வெளிச்சத்தில் நேராக நடக்கிறாள், இருட்டில் என் கை வேண்டும். மருந்து அறைக்கு இப்போது போவதில்லை. அதே கம்பெனியில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறாள்.