சாய்த்துப் போட்ட சதுரம்

நாலாம் வகுப்பில் ஒரு சதுர அட்டையை முனையில் நிற்கும்படி கரும்பலகையில் ஒட்டினேன். "டைமண்டுங்க டீச்சர்!" என்று கொழிஞ்சாம்பாறை ஊரே அதிரப் பிள்ளைகள் கத்தினார்கள். நாலு பக்கமும் சமம் என்று அளந்து காட்டினேன், மூலைமட்டம் வைத்தும் காட்டினேன். ஒருத்தரும் மசியவில்லை. தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

ரேக்ளா பந்தய மாடு வளர்க்கும் வீட்டுப் பெண் எழுந்தாள். "லாடம் அடிக்க மாட்டைச் சாச்சுப் போட்டாலும் அது மாடுதானுங்களே டீச்சர்?"

வகுப்புக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. இரண்டு வருடம் ஆசிரியர் பயிற்சி படித்த என் மானம் போனது.

அப்போது எட்டிப்பார்த்த தலைமையாசிரியர், "டைமண்டு நல்லாருக்குங்க டீச்சர்" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

அவள் அலட்டிக்கொள்ளாமல் சொன்னாள்: "சாருக்கும் ஒரு மாட்டைச் சாச்சுக் காட்டோணுங்க டீச்சர்."