மழைச்சோறு எங்கள் வாசலுக்கு வந்த நாள்

மாரியம்மனை நம்பியிருக்கும் அன்பர்களுக்கு, இந்த வருஷம் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பங்குனி முடியப்போகிறது. பெற்ற உதவிக்கு வருஷம் திரும்புவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும்.

வைகாசியில் என் பேத்தி வள்ளி பேதி கண்டு இறந்தாள். அப்போதுதான் சுவரைப் பிடித்து நடக்கப் பழகியிருந்தாள். அவளுடைய தகப்பன், என் மாப்பிள்ளை, யுத்தத்துக்குப் போயிருந்தார்; இன்னும் திரும்பவில்லை. என் மனைவி காலமாகிப் பல வருஷம் ஆகிறது. வீட்டில் நானும் என் மகள் பார்வதியும்தான்.

பார்வதி அழவில்லை. குழந்தையை எடுத்துக்கொண்டு போனபோதும் அழவில்லை. அன்று மாலையே உத்தரத்தில் தொங்கிய தூளியின் அருகில் உட்கார்ந்து ஆட்டத் தொடங்கினாள். வெறும் தூளி. கயிறு உத்தரத்தில் உரசும் சத்தம் வீடு முழுக்கக் கேட்கும். சோறு வைத்தால் இரண்டு வாய் தின்பாள். கேட்டால் தலையாட்டுவாள். ஆடி வந்தபோது அவள் கையில் வளையல் நிற்கவில்லை.

நான் மொரப்பூர் பக்கத்து ரயில் நிலையங்களில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எதற்கும் ஒரு முறை உண்டு, அதை விடாமல் செய்தால் வண்டி ஓடும் என்று நம்பியவன். முறைப்படி டாக்டரிடம் காட்டினேன். உடம்பில் ஒன்றும் இல்லை என்றார். மந்திரிக்கிறவரிடம் போனேன். எல்லாம் இருக்கிறது என்றார். இருவரும் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வீடு திரும்பினால், உள்ளே அதே கயிற்றுச் சத்தம். ஒரு நாள் பார்வதி கொல்லையில் நின்றிருந்தாள். அப்போதும் உள்ளே சத்தம் கேட்டது. எழுந்துபோய்ப் பார்த்தேன். தூளி அசையாமல் தொங்கியது. அதன்பின் எனக்கு நிம்மதி போயிற்று. இரண்டாவது சாவும் இந்த வீட்டில்தான் என்று தோன்றிவிட்டது.

புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். நான் அதிகம் கும்பிடுகிறவன் அல்ல. "தாயே, போனதைத் திருப்பிக் கேட்கவில்லை. அது நடவாது என்று தெரியும். இருக்கிற பெண்ணை அழவை. அது போதும்" என்றேன். திருநீறு இட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்த வருஷம் மழையும் இல்லை. சாமை கருகிவிட்டது. ஏரி வெடித்துக் கிடந்தது. ஊர்ப் பெண்கள் மழைச்சோறு எடுக்கப் புறப்பட்டார்கள். பானையோடு வீடு வீடாகப் போய் உப்பில்லாத கூழை வாங்கிக் கலந்து, ஏரியில் உட்கார்ந்து, ஊரை விட்டுப் போகிறோம் என்று அழுது, அதைப் பகிர்ந்து உண்பார்கள். ஒரு வீடு விடாமல் வாங்க வேண்டும். முன்னால் பானையைச் சுமந்தவள் மாதம்மா. பக்கத்து வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. மகளை நினைத்து அல்ல. முறை தவறுகிறதே என்றுதான். தெருவில் இறங்கினேன்.

"மாதம்மா, எங்க வூட்ட வுட்டுட்டியே?"

"துக்கம் நடந்து வருசம் திரும்பலீங்களே மாமா. அந்தப் புள்ளய எதுக்குங்க தொந்தரவு பண்ணிக்கிட்டு?"

"எல்லா வூட்டுக் கூழும் சேரணும்னு நீதான சொன்ன? ஒரு வூடு கொறஞ்சா எடுத்ததே செல்லாது."

பின்னால் ஒருத்தி முணுமுணுத்தாள்: "டேசன் மாமா பச்சக்கொடி காட்டாம மழகூட வராதாட்டம் இருக்குது." பெண்கள் சிரித்தார்கள்.

மாதம்மா சிரிக்கவில்லை. "செரிங்க மாமா. ஆனா பொம்பள கையால ஊத்தோணும். நீங்க ஊத்தினா செல்லாது. அதுவும் மொறதானுங்க."

திரும்பினேன். கூழ்ச்சட்டியோடு பார்வதி வாசற்படியில் நின்றிருந்தாள். எங்கள் பேச்சைக் கேட்டிருக்கிறாள்.

"உப்புப் போட்டிருக்குதா கண்ணு?" என்றாள் மாதம்மா.

"இல்லீங்க அத்தை."

பல மாதங்களுக்குப் பின் அந்தக் குரலைக் கேட்டேன். கூழை ஊற்றியதும் மாதம்மா பானையை அவள் இடுப்பில் வைத்தாள். "சித்த நேரம் புடி. எனக்கு இடுப்பு வுட்டுப்போச்சு" என்றாள். குழந்தை இருந்த இடுப்பு அது. பார்வதி பானையை அணைத்துக்கொண்டு அவர்களோடு நடந்தாள்.

ஆண்கள் ஏரிக்குள் போகக் கூடாது. கரைக்கு இந்தப் பக்கம் புளியமரத்தடியில் நின்றேன். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து அழுதார்கள். வழக்கத்துக்கு அழுகிற அழுகை, இழுத்து இழுத்து. அதன் நடுவே வேறொரு குரல் எழுந்தது. "வள்ளீ" என்றது. மார்பில் அறையும் சத்தம். மழைக்கு அழுதவர்கள் நிறுத்திவிட்டார்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து என் பேத்திக்காக அழுதார்கள். நான் மரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

மாதம்மா ஊட்டிய கூழை அன்று பார்வதி முழுதும் உண்டாள்.

மழை அன்று வரவில்லை. ஐப்பசி பாதியில் வந்தது. கொள்ளு விதைக்க உதவியது. அது மழைச்சோற்றுக்காக வந்ததா என்று நான் வழக்காட மாட்டேன். நான் கேட்டது மழை அல்ல. நான் கேட்டது எனக்குக் கிடைத்தது. முறை முறை என்று தெருவில் இறங்கிக் கத்திய என் வாயையே அம்மன் அதற்குக் கருவியாக்கினாள் என்று நம்புகிறேன். என் உத்தியோகத்தில் அதைவிட நல்ல காரியம் அந்த வாய் செய்ததில்லை.

கார்த்திகையில் பார்வதி தானே தூளியை அவிழ்த்து, துவைத்து மடித்து வைத்தாள். கயிற்றையும் எடுத்துவிட்டாள். இப்போது இரண்டு வேளை உண்கிறாள். என் சமையலைக் குறை சொல்கிறாள். போன வெள்ளிக்கிழமை இருவரும் கோயிலுக்கு உப்பில்லாத கூழ் கொண்டுபோய் வைத்துக் கும்பிட்டோம்.

அன்பர்களே, துக்கம் இருக்கிற வீட்டைத் தாண்டிப் போகாதீர்கள். உங்கள் வீட்டைத் தாண்டிப் போனால் இறங்கி வந்து கேளுங்கள். வேண்டியதை அம்மனிடம் தயங்காமல் சொல்லுங்கள். அவள் கேட்கிறாள்.

சத்தம் நின்றுவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். கயிறில்லாத உத்தரத்தில் சில மாலைகளில் அது வருகிறது. முன்பு அதை ஆளுக்கொரு மூலையில் இருந்து தனியாகக் கேட்டோம். நேற்று பார்வதி விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"கேக்குதாப்பா?"

"கேக்குது சாமி" என்றேன்.

அவள் வந்து என் அருகில் உட்கார்ந்தாள்.