நீலம் ஒட்டிய எட்டு உறைகள்

மழை ஈரத்தோடு கலந்த எனாமல் பெயிண்ட்டின் வாசனையில் லேசான தித்திப்பு இருக்கும். மூக்கில் ஏறி, தொண்டையில் இறங்கி, கடைசியில் நாக்கின் அடியில் போய்த் தங்கிக்கொள்ளும். அது ஆவியாகும் கரைப்பானின் வாசனை என்று இப்போது எனக்குத் தெரியும். பதினொரு வயதில் அது மாமாவின் ‘பட்டறை’ வாசனை, அவ்வளவுதான். இன்றைக்கும் புதுப் பெயிண்ட் அடித்த லாரி ஒன்று பக்கத்தில் வந்து நின்றால், என் வலதுகைக் கட்டைவிரல் தானாகவே ஆள்காட்டி விரலோடு உரசிப் பார்த்துக்கொள்கிறது.

அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் ‘ரிக்’ லாரியின் டிரைவர். திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பினால் வடக்கே ஒன்பது, பத்து மாதம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு ஆயுத பூஜைக்குத்தான் வீடு திரும்புவார். போகிற ஊர்களில் பழைய சாமான் கடை கண்ணில் பட்டால் இசைத்தட்டு வாங்குவார். பாட்டின் மொழி பாதிக்கு மேல் அவருக்குப் புரியாது. வாங்கிய கையோடு, உறையின் பின்பக்கத்துக் கீழ்மூலையில், அந்த ஊரின் பெயரையும் அங்கே போட்ட துளையின் ஆழத்தையும் பேனாவால் எழுதிவிடுவார்: ‘ராய்ப்பூர் பக்கம், 340 அடி, தண்ணி.’ வெறும் தூசி மட்டும் கிளம்பிய இடமென்றால் ‘புகை’. கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்று நின்று அவர் காது அப்போதே மந்தமாகியிருந்தது. தட்டைச் சுழலவிட்டு, சத்தத்தை முழுசாகத் திருகிவிட்டு, உறையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு அந்தக் கீழ்மூலையையே பார்த்துக்கொண்டிருப்பார். பாட்டு எங்களுக்குத்தான், அவருக்கு உறை.

அந்த வருடம் புரட்டாசியில், கட்டிலடியில் இருந்த அட்டைப் பெட்டிகளில் ஒன்றை ‘செல்லு’ அரித்துவிட்டது. இழுத்துப் பார்த்தபோது பதினொரு உறைகள் மண்ணாக உதிர்ந்தன. கரையான் வீட்டுக்குள் புகுந்தால் அடுத்தது துணி, அதற்கடுத்தது கதவு நிலை என்று அம்மாவுக்குப் பயம். அவள் சொன்னதில் கோபம் இல்லை, கெடு மட்டும் இருந்தது.

“பூசைக்கு முன்னாடி இதெல்லாம் தரைய உட்டு மேல ஏறோணும். இல்லீன்னா செவ்வாய்ப்பேட்டைப் பழைய சாமான்காரரக் கூப்பிட்டு அள்ளிக்கிட்டுப் போகச் சொல்லிருவேன். உங்கப்பா வந்து குதிச்சாலும் செரி.”

அந்தக் கடைக்காரரின் தொலைபேசி எண்ணை எழுதி, காலண்டர் ஆணியில் குத்தியும் வைத்துவிட்டாள். பூஜைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. நான் போன இடம் நாமக்கல் சாலையில் லாரிகளுக்குப் பாடி கட்டும் என் மாமாவின் பட்டறை. அம்மாவின் அண்ணன் அவர். கையில் ஒரு பட்டியல் கொண்டுபோயிருந்தேன்: தட்டுகள் நிமிர்ந்துதான் நிற்க வேண்டும், சாய்ந்தால் வளைந்துவிடும்; அதனால் ஓரடிக்கு ஒரு தடுப்பு; தரையிலிருந்து அரையடி உயரம்; வெயில் படாமல் கதவு.

மாமா பட்டியலைப் படிக்கவே இல்லை. “லோடு எவ்வளவு சாமி?” என்றார்.

முந்நூற்றொரு தட்டு, உறையோடு ஒவ்வொன்றும் கால் கிலோ, ஆகமொத்தம் எழுபத்தைந்து கிலோ என்றேன். மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

“ஒன்னரை மூட்டை சிமெண்டு! அதுக்கு ஒரு பாடியா?” என்று பட்டறையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். ஆனாலும் கட்டினார். லாரிக்கு வாங்கி மிஞ்சிய பலகை, மூலைகளுக்கு இரும்பு ஆங்கிள், கதவுக்கு லாரியின் பின்பக்கம் இருப்பது போலவே கொண்டியும் சங்கிலியும். மேலே நாலு, கீழே நாலு என்று எட்டு அறைகள். அதன்மேல் ஒரு ஆள் ஏறி நின்று குதித்தாலும் அசையாது. குதித்தும் காட்டினார்.

என் பட்டியலில் பெயிண்ட் இல்லை. மாமாவின் பட்டறையிலோ பெயிண்ட் இல்லாமல் எதுவும் வாசலைத் தாண்டியது கிடையாது. “மொட்டைப் பலகையா அனுப்புனா அம்மணமா அனுப்புன மாதிரி சாமி, ஊர்ல என்ற பேரு என்னாகறது?” என்று, வெளியே மட்டுமல்ல, உள்ளே எட்டு அறைகளிலும் கெட்டியாக ஆகாச நீலம் அடித்துவிட்டார். அது பூஜை நேரம். ஊரிலிருந்த லாரியெல்லாம் புதுப் பெயிண்ட்டுக்கு வரிசையில் நின்றன. நாலு நாளாக மழை வேறு விடவில்லை.

பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் டெம்போவில் அலமாரி வந்து இறங்கியது. அப்பாவின் வண்டி நடுராத்திரிக்குள் தருமபுரியைத் தாண்டிவிடும் என்று தகவல் வந்திருந்தது. அம்மா அடுக்களை வாசலில், காலண்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். மாமா கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கேட்டார்.

“சாமி, உள்ள கைய வெச்சுப் பாரு. காஞ்சிருச்சா?”

கீழ் அறை ஒன்றில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். எடுக்கும்போது பலகை என் விரலை ஒரு கணம் பிடித்து வைத்துவிட்டு, மெல்லிய ‘சிக்’ சத்தத்தோடு விட்டது. ரேகை அப்படியே அங்கே பதிந்திருந்தது. காயவில்லை என்று சொன்னால் தட்டுகள் இன்னும் தரையில்தான் இருக்கும். கெடு அன்றைக்கே முடிகிறது. காலண்டரில் எண் இருக்கிறது.

“காஞ்சிருச்சுங்க மாமா.”

எல்லா உறைகளின் முகமும் ஒரே பக்கம் பார்க்கும்படி, நோட்டில் வரிசை எண் போட்டு, நானே அடுக்கினேன். மாமா கதவைச் சாத்திக் கொண்டியை மாட்டினார். காலண்டர் ஆணியிலிருந்த சீட்டை அம்மா கிழித்துப் போட்டாள்.

விடியற்காலையில் வந்த அப்பா அலமாரியைப் பார்த்துவிட்டு, லாரியைத் தட்டுவது போல அதன் விலாவில் இரண்டு தட்டுத் தட்டினார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம் வந்து நான் பார்த்ததில்லை. ஸ்பேனர், சுத்தியல், என் ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாவற்றோடும் அலமாரிக்கும் சந்தனம் பூசிப் பொட்டு வைத்துப் பூஜையில் சேர்த்தார்கள். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது. அந்த ஒரு பகலும் ஓர் இரவும் நான் கதவிடுக்கில் மூக்கை வைத்து மோந்து பார்த்தபடி இருந்தேன். தித்திப்பு குறையவே இல்லை. உள்ளே எழுபத்தைந்து கிலோவும் ஈரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பது எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மாமாவும் விருந்துக்கு வந்து இலையில் உட்கார்ந்திருந்தார். அப்பா சங்கிலியைக் கழற்றி, ஓர் அறையின் ஓரத்துத் தட்டை இழுத்தார். வரவில்லை. பலமாக இழுத்தார். கோணிச் சாக்கு கிழிகிற சத்தம் கேட்டது. அவர் கையில் வந்த உறைக்குப் பின்பக்கம் இல்லை. வெறும் நீலம்தான் இருந்தது. ஊரும் அடியும் தண்ணியும் தடுப்புப் பலகையிலேயே, எழுத்துத் தெரியாமல், தங்கிவிட்டன. ஓர் அறைக்கு ஒன்று என்று எட்டு உறைகள் அப்படிப் போயின. மற்றவற்றில் அடிவிளிம்பு மட்டும் பிய்ந்தது.

இலைக்கு முன்னாலிருந்து மாமா எழுந்தார். “என்ற தப்புதானுங்க மாப்ள. காயறதுக்குள்ள கொண்டாந்துட்டனுங்க.”

“பத்து டன்னுக்குப் பாடி கட்டறவருங்க நீங்க. பெயிண்ட்டு காஞ்சுதான்னு பாக்கத் தெரியாதுங்களா?” அப்பாவின் குரலில் மரியாதை ஓர் எழுத்துக்கூடக் குறையவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “இனிமே என்ற ஊட்டுல நீங்க ஒரு ஆணியும் அடிக்க வேண்டாமுங்க.”

மாமா கையைக் கழுவிக்கொண்டார். இலையில் சோறு அப்படியே இருந்தது. என்னிடம் கேட்டுவிட்டுத்தான் கொண்டியை மாட்டியதாக அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் சொல்லியிருக்கலாம். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்கப்புறம் இருபது வருடம் பொங்கலுக்கு அம்மா தனியாகத்தான் அண்ணன் வீட்டுக்குப் போனாள். மாமா நல்லது கெட்டதுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தால், வாசலோடு நின்று பேசிவிட்டு, “வாரேன் கண்ணு” என்று கிளம்பிவிடுவார்.

நான் கட்டட வடிவமைப்புப் படித்து, சேலத்தில் அஸ்தம்பட்டியில் வீடெடுத்து, அப்பா அம்மாவைக் கூட்டி வந்துவிட்டேன். போன மாதம் இசைத்தட்டுகளுக்குப் புது அலமாரி செய்தேன். வரைபடம், எடைக் கணக்கு எல்லாம் என்னுடையது. உள்ளே பெயிண்ட் கிடையாது. அம்மா ஃபோன் செய்து கூப்பிட்டதில் மாமா பஸ் பிடித்து வந்தார். செருப்பைக் கழற்றியவர் நேரே அலமாரிக்குப் போய், கதவைத் திறந்து, உள்பலகையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

என்னால் அதற்குமேல் முடியவில்லை. “மாமா, அன்னிக்குக் காயலீங்க. எனக்குத் தெரியும்.”

“எனக்குந்தான் தெரியும் சாமி.” அவர் என் பக்கம் திரும்பவில்லை. “கொண்டி மாட்டறப்போ உன்ற வெரல்ல நீலம் இருந்துச்சு. பாத்துட்டுத்தான் மாட்டுனேன். அடுத்த நாளு மூணு வண்டி டெலிவரி. திருப்பிக் கொண்டுபோக எனக்கெங்க நேரம்? உன்னையச் சொல்லி நான் தப்பிச்சிருந்தா, என்ற மூஞ்சிய நான் எங்க வெக்கறது?”

அப்பா இரண்டடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் இருவரின் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். காது இப்போது முழுக்கப் போய்விட்டது. எதுவானாலும் எழுதித்தான் காட்ட வேண்டும். நான் நோட்டை எடுத்து, அந்தச் சாயங்காலம் நடந்ததை, என்னுடையதையும் மாமாவுடையதையும், நாலு வரியில் எழுதி நீட்டினேன்.

இரண்டு முறை படித்தார். பிறகு, தன் குரலின் அளவு தனக்கே தெரியாத அந்தப் பெரிய சத்தத்தில், “எலையப் போடச் சொல்லு. மச்சான் அன்னிக்கே சாப்புடலை” என்றார்.

சாப்பிட்ட பிறகு அப்பா நீலம் ஒட்டிய எட்டு உறைகளையும் எடுத்து வரிசையாகப் பரப்பினார். எது எந்த ஊர் என்று என்னைக் கேட்டார். அன்றைக்கு அடுக்கும்போது நோட்டில் போட்ட, முந்நூற்றொரு வரி கொண்ட அட்டவணை என்னிடம் இருக்கிறது. தட்டின் பெயர், மொழி, அளவு, எல்லாம் அதில் உண்டு. ஊருக்கும் அடிக்கும் மட்டும் அதில் இடம் வைக்கவில்லை. அது உறையிலேயே இருக்கிறதே என்று அன்றைக்கு விட்டுவிட்டேன். இரண்டு கட்டங்களைப் புதிதாகப் போட்டு அப்பாவிடம் பேனாவைக் கொடுத்தேன். மாமா பக்கத்தில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருக்க, அவர் நெடுநேரம் யோசித்து மூன்றை நிரப்பினார். அதில் ஒன்று புகை. மற்ற ஐந்து வரிகள் இன்னும் காலியாகத்தான் இருக்கின்றன.