கத்த மறந்த பஸ்ஸர்கள்

எங்கள் தொழிலில் சத்தம் கேட்டால் யாரும் போன் செய்வதில்லை, கேட்காதபோதுதான் செய்கிறார்கள். பேட்டையில் சின்னப் பட்டறை வைத்து அலாரம் போர்டு செய்கிறேன். அதிலுள்ள மைக்ரோகன்ட்ரோலருக்கு மூளை உண்டு, தெம்பு கிடையாது. அது கண்ணைக் காட்டினால் டிரான்சிஸ்டர் கரண்ட்டைத் திறந்துவிடும், பஸ்ஸர் கத்தும். இவ்வளவுதான் சங்கதி. இதற்குள் எத்தனை நாள் தொலையும் என்று, இதே வேலையில் கிடந்து அல்லாடும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று டிரான்சிஸ்டர்

தண்ணீர்த் தொட்டி அலாரம் ஒன்று 'டிக்' என்று மட்டும் சொல்லி அடங்கியது. டிரான்சிஸ்டர் போய்விட்டது என்றேன். என்னோடு வேலை செய்யும் சுடலைமணி மாற்றினார். அதே 'டிக்'. மூன்றாவதையும் மாற்றிய பிறகுதான் பஸ்ஸரைக் கழற்றிப் பார்த்தேன். கரண்ட் கொடுத்தாலே கத்தும் வகை ஒன்று; கரண்ட்டை வேகமாக விட்டுவிட்டுக் கொடுத்தால்தான் கத்தும் வகை இன்னொன்று. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். நான் வாங்கி வந்தது இரண்டாவது வகை.

கழற்றிப்போட்ட மூன்று டிரான்சிஸ்டரையும் சோதித்தோம். மூன்றும் நன்றாக இருந்தன. சுடலைமணி அவற்றைப் பொறுக்கி டப்பாவில் போட்டபடி சொன்னார்: "யக்கா, குத்தம் செய்யாதவனத்தான் நாம மொதல்ல வேலைய விட்டுத் தூக்குதோம்."

திசையன்விளைக் கோழிக்குஞ்சு

திசையன்விளையில் முட்டைக்குச் சூடு கொடுத்துக் குஞ்சு பொரிக்கவைக்கும் பெட்டி வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவருக்கு, சூடு கூடினால் கத்தும் அலாரம் செய்து கொடுத்தேன். ஒரு மத்தியானம் பெட்டிப் பக்கமிருந்து 'கீச்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் கழித்து இன்னொன்று. குஞ்சு ஓட்டை உடைக்கிறது என்று நினைத்து, சாப்பிட்டுவிட்டுப் பைய வந்து திறந்திருக்கிறார். ஒரு தட்டு முட்டை முழுக்க வெந்திருந்தது.

நான் போட்டது உள்ளே கம்பிச்சுருள் இருக்கும் பஸ்ஸர். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் அந்தச் சுருள் எதிர்ப்பக்கமாக ஒரு உதை விடும். அதைத் தாங்க ஒரு டயோடு போட வேண்டும், நான் போடவில்லை. முதல் கத்தல் முடிந்ததுமே மைக்ரோகன்ட்ரோலர் எல்லாம் மறந்து முதலிலிருந்து தொடங்கிவிட்டது; அதனால்தான் விடாமல் கத்தாமல் ஒவ்வொரு 'கீச்'சாக வந்தது. டயோடைப் பற்றவைத்தேன். நிறுத்துவதற்கு ஒரு நேரக்கணக்கு வைக்கட்டுமா என்று கேட்டேன். "அது பாட்டுக்குக் கத்தட்டும்மா. நிப்பாட்டுத வேலைய நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

அடுக்களை மணி

தச்சநல்லூரில் சிவகாமி என்ற டீச்சர், படுக்கையில் கிடக்கும் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறார். அப்பா பொத்தானை அழுத்தினால் அடுக்களையில் பஸ்ஸர் அடிக்க வேண்டும். வழக்கமான டிரான்சிஸ்டர் கடையில் இல்லாததால் வேறொன்று போட்டேன். மேசையில் சோதித்தபோது கத்தியது. திருப்தியாகக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அவரே போர்டைக் கொண்டு வந்தார். அப்பா நனைந்த வேட்டியோடு, பொத்தானைப் பிடித்த கையோடு கிடந்தாராம். கழற்றிப் பார்த்தேன். புது டிரான்சிஸ்டரில் கால்களின் வரிசை வேறு. நான் பழைய பழக்கத்தில் தலைகீழாக மாட்டியிருந்தேன். அப்படி மாட்டினாலும் அது வேலை செய்யும், ஈனசுரத்தில். மிக்ஸி ஓடும் அடுக்களையில் யாருக்குக் கேட்கும்?

திருப்பி மாட்டினேன். பட்டறை அதிரக் கத்தியது. தப்பு என்னுடையது என்றேன். அவர் கோபப்படவில்லை. போர்டைப் பைக்குள் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "அப்பா கூப்பிடலையேன்னு ரெண்டு நாளு நிம்மதியா இருந்துட்டேன், அதத்தான் தாங்க முடியல."

ஊரையெல்லாம் உஷார்ப்படுத்தக் கருவி செய்கிறேன், என்னை உஷார்ப்படுத்துவது மட்டும் எப்போதும் வாடிக்கையாளர்தான்.