மஞ்சள் விளக்குக்கு வைத்த பொட்டு

இன்று காலை மனைவியின் செல்போனை என்னுடையதென்று நினைத்து எடுத்துவிட்டேன். அதில் கார் கம்பெனியிலிருந்து ஒரு செய்தி. எங்கள் காரில் மூன்று நாளாக ஏதோ சென்சார் கோளாறாம். நேற்று மதியம் சரி செய்யப்பட்டதாம். மூன்று நாளும் அவள்தான் பள்ளிக்கு ஓட்டிப் போனாள். நேற்று மதியம் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். வண்டி சீக்காகி, வைத்தியம் முடிந்து, வீடும் திரும்பியிருக்கிறது. வீட்டுக்காரனுக்கு ஒரு வார்த்தை இல்லை.

பழைய கார் இப்படிச் செய்யாது. அது கைமாறி வந்த வண்டி. அப்போது செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். என் மூக்கு எந்தக் கருகல் வாசனையையும் வேலையிடத்துக் கணக்கில் சேர்த்துவிடும். சந்தன வாசனை மட்டும்தான் இன்றைக்கும் என்னைத் திடுக்கிட வைக்கிறது.

காரணம், அந்த வருஷத்து ஆயுத பூஜை. வெளியே மட்டும் கழுவினால் பக்தி போதாதென்று பானெட்டைத் திறந்து எஞ்சினுக்குள்ளும் ஓஸ் பைப்பைக் காட்டினேன். கைக்கு எட்டிய உறுப்புக்கெல்லாம் சந்தனம், குங்குமம். விஜயதசமி காலையில் சாவியைத் திருகினால், ஸ்பீடாமீட்டர் பக்கத்தில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு. அணையவே இல்லை. ஒர்க்‌ஷாப்பெல்லாம் லீவு. இணையத்தில் தேடினேன். இதே விளக்குக்காக அமெரிக்காவில் ஒருவர் எஞ்சினையே மாற்றினாராம். இன்னொருவர் பெட்ரோல் மூடியை இறுக்கித் திருகினாராம். நான் முதலாமவரை நம்பினேன்.

மறுநாள் பத்து மணிக்கு அவளுக்குச் சிதம்பரத்தில் ஆசிரியை வேலைக்கு நேர்காணல். ஆறு வருஷம் வீட்டிலிருந்துவிட்டுப் போகிற முதல் நேர்காணல். பஸ்ஸில் போகிறேன் என்றவளை, கார் எதற்கு இருக்கிறது என்று மடக்கியவன் நான். இனி எந்த முகத்தோடு சொல்வது? அவளுடைய ஸ்டிக்கர் பொட்டு அட்டையில் பெரிதாக மிச்சமிருந்த ஒன்றை உரித்து விளக்கின் மேல் ஒட்டினேன். கச்சிதமாக மறைந்தது. எனக்குள் ஒரு இன்ஜினியர் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

கடலூரில் கிளம்பி ஆலப்பாக்கம் வரை இன்ஜினியரிங் தாங்கியது. புதுச்சத்திரம் தாண்டியதும் வண்டிக்கு விக்கல் எடுக்கத் தொடங்கியது. ரோடு சரியில்லை என்றேன். அவள் தலையாட்டினாள். பி.முட்லூரில் என்னோடு படித்த யூசுப்பின் ஒர்க்‌ஷாப் இருந்தது. துபாயில் தொழில் பார்த்துத் திரும்பியவன், வண்டிக் கோளாறைக் காட்டும் ஸ்கேனர் வைத்திருந்தான். சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போவோம் என்று நிறுத்தினேன். மணி ஒன்பதே கால்.

ஸ்டியரிங்குக்கு அடியில் ஸ்கேனரைச் செருகினான். ஒரு எழுத்தும் நாலு எண்ணும் வந்தன. முதல் சிலிண்டரில் நெருப்பு சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தமாம். எஞ்சினை இறக்கணுமா என்று அவன் காதில் கேட்டேன். பானெட்டைத் தூக்கியவன், சந்நிதியில் நிற்பதுபோல் நின்றான்.

"எப்ப மச்சான் குளிப்பாட்டுன?"

"முந்தாநாள்."

"பூஜை சரிதான். பொறி குடுக்கற காயில் சாக்கெட்டுக்குள்ள எதுக்கு அபிஷேகம்?"

சாக்கெட்டைக் கழற்றி, காற்றடித்து ஈரம் போக்கி, மாட்டி, அந்த எண்ணை ஸ்கேனரில் அழித்தான். ஸ்டார்ட் பண்ணி மஞ்ச லைட்டு அணைஞ்சுதா பாரு என்றான். நான் பொட்டைப் பார்த்தேன். அணைஞ்சிடுச்சு என்றேன்.

"பொட்ட எடுத்துட்டுப் பாருங்க," என்றாள் பக்கத்து சீட்டிலிருந்து. "கடலூர்லயே பாத்துட்டன். பாவம், ஏற்கெனவே பதறிக்கிட்டு இருக்கீங்களேன்னு கேக்கல."

யூசுப் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டான். சிரிக்க அவனுக்கு வேறு இடம் கிடைக்கவில்லை. காலையில் பெரிய பொட்டைத் தேடிக் கிடைக்காமல் வைத்திருந்த சின்னப் பொட்டை எடுத்துவிட்டு, விளக்கின் மேலிருந்ததை உரித்து நெற்றியில் ஒட்டிக்கொண்டாள். விளக்கு நிஜமாகவே அணைந்திருந்தது. பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் பள்ளி வாசலில் இறங்கினாள். வேலை கிடைத்தது.

அந்தக் கார் போய்விட்டது. யூசுப்பும் மகளோடு இருக்கச் சென்னைக்குப் போய்விட்டான். புதுக் காரின் திரையை மறைக்கப் பொட்டு போதாது, போர்வை வேண்டும். அதற்கும் அவசியமில்லை, சேதி நேராக அவள் போனுக்குப் போய்விடுகிறது. ஏன் சொல்லவில்லை என்று காலையில் கேட்டேன்.

"சொன்னா மத்தியானம் தூங்குவீங்களா?"

நியாயந்தான். இன்றும் மதியம் படுத்துப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை. எனக்குத் தெரியாமல் இந்த வீட்டில் இன்னும் என்னென்ன பழுதாகி, என்னென்ன சரியாகியிருக்கிறதோ.